54 நாளும் 77 வருஷமும்: பதுளைத் தோட்டங்களில் ஒரு வாக்கின் வரலாறு

2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் நாடு அநுர குமார திசாநாயக்கவைத் தெரிவு செய்தது. பதுளை மாவட்டம் அவரைத் தெரிவு செய்யவில்லை. இங்கே முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு, அநுரவுக்கு இரண்டாமிடம்தான். அடுத்து நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதே மாவட்டம், அதே வாக்காளர்கள். ஆனால் ஒன்பது ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அந்த ஆறு பேரில் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என்று மலையகத் தமிழர் இரண்டு பேர். அதுவரை தோட்டங்களின் பேரில் பாராளுமன்றம் போய்க்கொண்டிருந்த பழைய ஆட்கள் யாரும் திரும்பி வரவில்லை.

இரண்டு தேர்தலுக்கும் இடையில் 54 நாள்.

இதுக்கு உடனே இரண்டு விளக்கம் வந்தது. ஒன்று, "அலை அடிச்சது, சனம் அதுல போயிருச்சு." இன்னொன்று, கொஞ்சம் கோபமாக, "எவ்வளவு செஞ்சும் நன்றி கெட்ட சனம்." இரண்டிலும் ஒரே எண்ணம்தான் இருக்கு: தோட்டத்து மக்களுக்குச் சொந்தமா யோசிக்கத் தெரியாது, யாராவது இழுத்தா அந்தப் பக்கம் போவாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த 54 நாளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1947இல் இருந்து 2024 வரைக்குமான 77 வருஷத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதுளை மாவட்டத்தில் பெரும்பான்மை சிங்கள வாக்காளர்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிந்தவர்கள் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஆறு ஆசனத்தையும் தோட்டங்களின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பழைய தமிழ்ப் பிரதிநிதிகள் தோற்றதைத் தோட்டங்களின் கணக்கில்தான் எழுத வேண்டும். அவர்களை ஜெயிக்க வைத்ததும் அந்த வாக்குகள்தான்.

ஒரு காலத்தில் பதுளை

நம்மில் நிறையப் பேருக்கு மலையக அரசியல் என்றாலே நுவரெலியாதான். ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை. ஊவா பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் அரசியலின் மிகத் துணிச்சலான ஒரு அத்தியாயம் பதுளைக்குப் பக்கத்தில்தான் நடந்தது.

1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் அதில் முன்னால் நின்றது. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே தெரிவு செய்த ஒரு குழுவை அமைத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசித்தான் நிர்வாகம் நடத்துவேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 'ஒழுங்கை நிலைநாட்ட' வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்று சமசமாஜ இயக்கத்தின் வரலாறு பதிவு செய்கிறது. பிறகு பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அந்தப் போராட்டத்தை முடித்துவைத்தன.

இதை ஏன் சொல்றேன்னா, "நம்ம சனத்துக்கு யாராவது தலைவர் வந்து சொல்லணும்" என்கிற கதை எப்பவும் இருந்த கதை இல்லை. இடையில் உருவாக்கப்பட்ட கதை.

ஏழு வருஷம் கழித்து, 1947 பாராளுமன்றத் தேர்தலில், இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. பதுளையில் எஸ்.எம். சுப்பையா. ஆமாம், சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றத்தில் பதுளைத் தொகுதியின் உறுப்பினர் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கில் வந்த ஒரு தமிழர். இந்தியன் காங்கிரஸ் போட்டியிடாத வேறு தொகுதிகளிலும் தோட்ட வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது. 95 ஆசனங்களில் 42ஐ மட்டுமே வென்ற டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

வாக்கு போட்டதற்கான தண்டனை

அடுத்து நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் வரிசையாகப் பார்த்தால் அதன் கணக்கு இன்னும் தெளிவாகப் புரியும். 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். அதே 1949இல் தேர்தல் சட்டத்துக்குத் திருத்தம்: குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை. 1952 தேர்தலில் தோட்டங்களின் பெயர்கள் இடாப்பிலேயே இல்லை. 1947இல் வென்ற ஏழு ஆசனமும் போனது.

குடியுரிமைக்கு எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறப்புச் சான்றிதழ், தொடர்ச்சியாக வசித்ததற்கான ஆதாரம், வருமானக் கணக்கு என்று கேட்டார்கள். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருக்கிற ஒரு குடும்பம் இதையெல்லாம் எங்கே பத்திரப்படுத்தி வைத்திருக்கும்?

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது குடியுரிமை இல்லாதவர்களையும் சனத்தொகையில் சேர்த்தே எண்ணினார்கள். அதாவது எங்கள் தலைகளைக் காட்டி மலைநாட்டுக்குத் தொகுதிகள் கூடின, அந்தத் தொகுதிகளில் வாக்குப் போட எங்களுக்கு உரிமை இல்லை. அமெரிக்காவின் அரசியலமைப்பு ஒரு காலத்தில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித் தென்மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைக் கூட்டிக் கொடுத்தது. அடிமைக்கு வாக்கு இல்லை. பதுளையிலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான் நடந்தது. தலையை எண்ணினாங்க, குரலை எண்ணல.

'மக்கள்' என்றால் யார்?

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான ஒரு சொல்லை இங்கே எடுத்து வைக்கிறேன்: ஜனரஞ்சக அரசியல். ஆங்கிலத்தில் பொப்பியூலிசம் என்று சொல்வார்கள். அதன் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு பக்கம் 'மக்கள்', நேர்மையானவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள். மறுபக்கம் 'அவர்கள்', ஊழல்காரர்கள், மேட்டுக்குடி, பரம்பரை அரசியல்வாதிகள். 'நாங்கள் மக்களின் பக்கம்' என்று ஒரு தலைவரோ இயக்கமோ வரும். ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த எர்னஸ்டோ லக்லாவ் என்ற சிந்தனையாளர் சொன்ன ஒரு விஷயம் இங்கே உதவும்: 'மக்கள்' என்பது ஏற்கனவே தயாராக இருக்கும் கூட்டம் இல்லை, அரசியல்தான் அதை உருவாக்குகிறது. அப்படியென்றால் அந்த 'மக்கள்' என்ற வட்டத்தை யார் போடுகிறார்கள், கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதுதான் கேள்வி.

இலங்கையில் இந்த அரசியலின் முதல் பெரிய அலை 1956. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சாதாரண மனிதனின் யுகம் பிறந்துவிட்டது என்ற முழக்கத்தோடு வந்தார். ஆங்கிலம் பேசும் மேட்டுக்குடிக்கு எதிராகக் கிராமம் எழுந்தது. அதில் உண்மையான கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆனால் அந்தச் 'சாதாரண மனிதன்' வட்டத்துக்குள் பசறையில் கொழுந்து பறிக்கும் பெண் இல்லை. அவளுக்கு வாக்கே இல்லை. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி அவள் கூடையிலிருந்து வந்த காலம் அது.

இரண்டாவது அலை ஆயுதத்தோடு வந்தது. 1960களின் பிற்பகுதியில் ரோஹண விஜேவீரவின் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அதில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அந்த வகுப்பில் தோட்டத் தொழிலாளர்கள் சுரண்டப்படும் வர்க்கமாக வரவில்லை. இந்தியாவின் விஸ்தரிப்புக்கான கருவியாக வந்தார்கள். தொழிலாளர் புரட்சி பேசிய கட்சிக்கு நாட்டின் ஆகப் பெரிய தொழிலாளர் கூட்டம் சந்தேகத்துக்குரிய கூட்டமாகத் தெரிந்தது. இதை இன்றைய இளைஞர்கள் மறக்க வேண்டியதில்லை. அதே கட்சியின் இன்றைய வடிவத்துக்கு வாக்களித்தவர்களும் மறக்க வேண்டியதில்லை.

அந்த வருஷங்களில் எங்கள் மக்களின் தலைவிதி எங்களைக் கேட்காமலே பேசப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மலைநாட்டு ரயில்களில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறிய குடும்பங்களின் கதை பதுளைத் தோட்டங்களில் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கு. அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில்.

வாக்கு திரும்பி வந்தது, ஆனால் யார் கையில்?

1977இல் தொண்டமான் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் வென்றார். அடுத்த வருஷம் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1986 தைப்பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. வேலைக்குப் போகாமல் கோயிலில் பிரார்த்தனை; வேலைநிறுத்தம் என்று பேர் வைக்காத வேலைநிறுத்தம். அந்த வருஷமே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல், ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு, இன்னொரு சட்டம் மிச்சமிருந்த பெரும்பான்மையோரின் சிக்கலைத் தீர்த்தது. 2003இல் மற்றொரு சட்டம்.

இது பெரிய சாதனை. குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி பேசிக்கொண்டிருந்த காலத்தில் பேரம் பேசியே பல இலட்சம் பேருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த தலைவர் அவர்.

ஆனால் வாக்கு திரும்பி வந்த வழி அதன் பின்னர் நடந்ததையும் தீர்மானித்தது. அது 'என் உரிமை' என்று வரவில்லை, 'தலைவர் வாங்கிக் கொடுத்தது' என்று வந்தது. வாங்கிக் கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு சொல்லாத ஒப்பந்தம் உருவானது.

அது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். தோட்டத்தில் ஒரு தோட்டத் தலைவர். அவருக்கு மேலே மாவட்டத் தலைவர். அவருக்கு மேலே கொழும்பில் அமைச்சராக இருக்கும் பெரிய தலைவர். சந்தா தோட்ட அலுவலகத்திலேயே சம்பளத்தில் பிடிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போகும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்பட்டது. கம்பனிகளோடு பேசி அதில் கையெழுத்துப் போடும் சங்கத்தின் தலைவரே அரசாங்கத்தில் அமைச்சராகவும் இருப்பார். பிறப்புச் சான்றிதழ், சமுர்த்தி, ஆசிரியர் நியமனம், கோயிலுக்குத் தகரம், இளைஞர் கழகத்துக்குக் கிரிக்கெட் சாமான், எதுவானாலும் தலைவரின் கடிதம் வேண்டும். நாட்டின் மற்ற இடங்களில் கிராம சேவகரும் பிரதேச சபையும் செய்யும் வேலைகள் பல தோட்டத்தில் கம்பனி மூலமாகவோ சங்கம் மூலமாகவோதான் நடந்தன. அரசாங்கம் தோட்டத்துக்குள் நேராக நுழையவே இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நின்றார்.

அவர் கையில் இருந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: "ஆளுங்கட்சியோட இருந்தாத்தான் வேலை நடக்கும்." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

பதுளையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாவட்டமே ஒரே தொகுதி, விகிதாசார முறை, விருப்பு வாக்கு. சிறுபான்மையாக இருக்கும் தமிழர் தனிக்கட்சியில் போனால் ஒரு ஆசனம் எடுப்பதே கஷ்டம். அதனால் பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் ஏற வேண்டும், விருப்பு வாக்குகள் சிதறாமல் ஒன்றிரண்டு பேருக்கே விழ வேண்டும். 2010இல் பதுளையிலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை. அந்தப் பயத்தை வைத்து அடுத்த பத்து வருஷமும் வாக்குக் கேட்டார்கள். "வாக்கைப் பிரிக்காதீங்க, பிரிச்சா நமக்கு ஆளே இல்லாமப் போயிரும்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்ற பிடி

2024இல் திடீரென்று எல்லாம் உடைந்ததாக நினைப்பது தவறு. தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2010 ஜனாதிபதித் தேர்தலில் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டம் சரத் பொன்சேகாவை முதலிடத்தில் வைத்தது. 2015இலும் காங்கிரஸ் மஹிந்தவின் பக்கம். நுவரெலியா மைத்திரிபாலவுக்குப் பெரும் பெரும்பான்மை கொடுத்தது, பதுளை மிகச் சொற்ப வித்தியாசத்தில் அவர் பக்கம் சாய்ந்தது. ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் தோட்டத் தலைவரின் பெயர் இல்லை. அங்கே மக்கள் தங்கள் விருப்பப்படி போட்டார்கள். பாராளுமன்றத் தேர்தல் வந்தால் கடிதம் கொடுக்கும் ஆள் தேவை, அதனால் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். இது குழப்பமில்லை, கணக்கு.

2014ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல். ராஜபக்ஷ ஆட்சி உச்சத்தில் இருந்ததாக எல்லோரும் நினைத்த நேரம். 2009இல் ஊவாவில் 72 சதவீதம் எடுத்திருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 51 சதவீதத்துக்கு இறங்கியது. நாடு முழுக்க ராஜபக்ஷக்களைத் தோற்கடிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது ஊவாவில்தான்.

தேர்தல் முடிந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் எச்சரிக்கை வந்தால் மட்டும் போதுமா? எங்கே போவது? தோட்டத்து மக்களுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணிகூட இல்லை. லயம் கம்பனியின் பொறுப்பில், காணி அரசாங்கத்தின் பேரில். "எழும்பிப் போங்க" என்று சொல்பவர்கள் போவதற்கு இடம் காட்டவில்லை. மாகாண சபையில் ஆட்கள் இருந்தார்கள், அமைச்சர்கள் இருந்தார்கள், சங்கங்கள் இருந்தன. அத்தனை தரகர்கள் இருந்தும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஒரு வீடாக மாறவில்லை. ஊவாவில் கட்சிகள் மேல் இருந்த நம்பிக்கை எந்த நாளில் உடைந்தது என்று கேட்டால் நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஆயிரம் ரூபா. 2018இல் இளைஞர்கள் கொழும்பில் காலிமுகத்திடலில் கூடிக் கேட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து கிடைக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. கையில் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி மூலம். அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. இது வெறும் சம்பளச் செய்தி இல்லை. ஒப்பந்தம் போடும் மேசையில் உட்கார்ந்திருந்ததுதான் பெரிய சங்கங்களின் பலம், அந்த மேசையே போய்விட்டது. சம்பளத்தை அரசாங்கம் வர்த்தமானியில் தீர்மானிக்கும் என்றால் நடுவில் இருப்பவர் எதுக்கு?

அதே காலத்தில் 20ஆவது திருத்தம். 2020 ஓகஸ்டில் ஐக்கிய மக்கள் சக்தி பதுளையில் மூன்று ஆசனம் எடுத்தது. அதில் இரண்டு பேர் தமிழர்: வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார். ராஜபக்ஷக்களுக்கு எதிராக விழுந்த வாக்கு அது. இரண்டே மாதத்தில், ஒக்டோபர் 22ஆம் திகதி, கோட்டாபயவுக்கு அதிகாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் திருத்தத்துக்கு அரவிந்தகுமார் ஆதரவாகக் கை உயர்த்தினார். அவர் கட்சி அவரை விலக்கியது, பின்னர் இராஜாங்க அமைச்சரானார். தரகர் அரசியலின் தர்க்கப்படி இதில் தவறே இல்லை, ஆளுங்கட்சியோடு இருந்தால்தானே வேலை நடக்கும். ஆனால் வாக்குப் போட்டவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

தோட்டமும் அதற்குள் மாறிவிட்டது. 1992க்குப் பிறகு கம்பனித் தோட்டங்களில் வேலை செய்வோர் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. லயத்தில் இருப்பவர் எல்லோரும் பெரட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. அண்ணன் வெள்ளவத்தையில் கடையில், அக்கா கார்மெண்ட்ஸில், தங்கை வளாகத்தில், மாமா கட்டாரில். இவர்களுக்குச் சந்தாவும் இல்லை, தலைவரின் கடிதமும் பெரிதாகத் தேவையில்லை. 2022 நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறியபோது ரொட்டியே சாப்பாடாக இருந்த வீடுகளில் என்ன நடந்தது என்று இவர்கள் போனில் கேட்டார்கள். அரகலயவை அதே போனில் பார்த்தார்கள். ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் ஒரு எம்.பியை அனுப்ப முடியாதா?

'76 வருட சாபம்'

தேசிய மக்கள் சக்தி 2020 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 4 சதவீதம்கூட எடுக்கவில்லை, மூன்று ஆசனம். 2024 நவம்பரில் 61 சதவீதத்துக்கு மேல், 159 ஆசனம். அவர்களின் முழக்கங்களில் ஒன்று '76 வருட சாபம்'. சுதந்திரத்திலிருந்து நாட்டை மாறி மாறி ஆண்டவர்கள்தான் சாபம் என்று அர்த்தம். இது ஜனரஞ்சக அரசியலின் இலக்கணத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

ஆனால் ஒரு முழக்கத்தைச் சொல்பவர் நினைக்கும் அர்த்தம் வேறு, கேட்பவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறு. 76ஐக் கழித்துப் பாருங்கள், 1948 வரும். மாத்தறையில் அது சுதந்திரம் கிடைத்த வருஷம். மடுல்சீமையில் அது குடியுரிமை பறிபோன வருஷம். தெற்கில் 'சாபம்' என்றால் ஊழல், தரகுப் பணம், குடும்ப ஆட்சி. தோட்டத்தில் அந்தச் சொல் அதைவிடப் பழைய ஒரு காயத்தைத் தொட்டது. அந்தக் கணக்கில் சாபம் போட்டவர்களில் ஐ.தே.கவும் சுதந்திரக் கட்சியும் மட்டும் இல்லை, 'விஸ்தரிப்புவாத' வகுப்பு எடுத்தவர்களும் உண்டு.

அந்தக் கட்சி மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஒக்டோபரில் 'ஹட்டன் பிரகடனம்' வெளியிட்டார்கள். மலையக மக்களை நாட்டின் ஓர் அங்கமாக ஏற்று, காணி, வீடு, சம்பளம், கல்வி பற்றி வாக்குறுதி கொடுத்தார்கள். ஐந்து வகுப்புகளிலிருந்து அது வெகுதூரம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 நடைபயணம் நடந்த அதே வருஷம் அது. நாடு முழுக்க எங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசிய வருஷம்.

இப்போது அந்த 54 நாளுக்கு வருவோம். செப்டம்பரில் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலை ஆதரித்தது, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தை ஆதரித்தது. பதுளையில் சஜித் முன்னுக்கு வந்தார். பழைய பயமும் இருந்தது, அது ஜே.வி.பி. ஆச்சே. அநுர ஜனாதிபதியான பிறகு பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. நவம்பரில் அவர்களின் பட்டியலில் தமிழ் வேட்பாளர்கள் இருந்தார்கள். "நமக்கு ஆளே இல்லாமப் போயிரும்" என்ற மிரட்டல் அங்கேயே செத்தது. மிச்சத்தைச் செய்தது அந்தப் பழைய பாடம். "ஆளுங்கட்சியோட இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள். சரி, இப்போ ஆளுங்கட்சி இங்கே இருக்கு, நாங்களே நேரா போறோம். உங்களுக்கு எதுக்குக் கமிஷன்?

இன்னொரு பக்கத்தையும் மறக்கக்கூடாது. செப்டம்பரில் நாடு முழுக்க 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், நவம்பரில் 69 சதவீதம்தான். பழைய கட்சிகளின் ஆதரவாளர் நிறையப் பேர் மாற்றிப் போடவில்லை, வீட்டில் இருந்துவிட்டார்கள். வெறுப்புக்கு இரண்டு முகம்: ஒன்று புதுக் கட்சி, மற்றது வாக்குச்சாவடிக்கே போகாமல் இருப்பது. "எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்பவர் இரண்டில் எதையும் செய்வார்.

தரகர் போனார், பிறகு?

ஆகவே 2024இல் ஊவாத் தோட்டங்களில் நடந்ததை அலை என்றோ நன்றிகேடு என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. 1949இல் பறிபோய், 1988இல் ஒரு தலைவர் கை வழியாகத் திரும்பி வந்த வாக்கை மக்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதை நான் மதிக்கிறேன்.

கவலை வேறு இடத்தில் இருக்கு. தரகர் இல்லாமல் நேராக ஆளுங்கட்சியிடம் போவதும் கேட்டு வாங்கும் அரசியல்தான், முன்னே மொத்த வியாபாரம், இப்போ சில்லறை வியாபாரம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,750 ரூபா என்றார்கள்: கம்பனி தரும் அடிப்படைச் சம்பளம் 1,350இலிருந்து 1,550, அதோடு அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200. நல்லது. ஆனால் அந்த 200 ரூபா ஒவ்வொரு வருஷமும் அரசாங்கத்தின் மனசைப் பொறுத்தது. அரசாங்கம் 'கொடுத்தது', சரி. தொழிலாளி பேரம் பேசும் மேசை எங்கே? ஒப்பந்தம் போனதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். ராஜபக்ஷக்கள் ஆட்டம் காண்பதை முதலில் காட்டிய அந்த வாக்குப்பெட்டியே இன்று இல்லை. 'மக்கள் ஆட்சி' என்று சொல்லும் ஓர் அரசாங்கத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

காணியும் அப்படியே கிடக்கிறது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் சுமார் இரண்டாயிரம் பயனாளிகளுக்கு ஜனாதிபதி ஆவணங்கள் வழங்கினார். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மறுபடியும் மண்சரிவு, மறுபடியும் "எழும்பிப் போங்க", மறுபடியும் "எங்கே?" மீரியபெத்தைக்குப் பதினொரு வருஷம் கழித்து அதே கேள்வி.

ஜனரஞ்சக அரசியலில் 'மக்கள்' என்ற வட்டம் பெரியது, அன்பாகவும் இருக்கும். ஆனால் அதற்குள் போகும்போது பேரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும். "இனி எல்லோரும் இலங்கையர்தான், தனியா ஏன் கேட்கிறீங்க?" என்று ஒரு நாள் சொல்லும். காணி இல்லாதவரும் காணி உள்ளவரும் ஒரே 'மக்கள்' என்றால் காணிப் பிரச்சினையை யார் பேசுவது? 1956இல் நாங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்தோம். இப்போது உள்ளே இருக்கிறோம். உள்ளே இருந்துகொண்டு பேர் சொல்லிக் கேட்க முடியுமா என்பதுதான் இந்தத் தலைமுறைக்கு முன்னால் உள்ள சோதனை.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நாடு முழுக்க 43 சதவீதத்துக்கு இறங்கியது. வாக்கு எங்கேயும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. அடுத்த தேர்தலில் பழைய தரகர்கள் புது முகத்தோடு வருவார்கள், 'பாருங்க, அவங்களும் ஒண்ணும் செய்யல' என்பார்கள். அதற்குள் தோட்டங்களில் இருக்கிற நாங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஹட்டன் பிரகடனத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'நடந்தது', 'நடக்கவில்லை' என்று குறிக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எம்.பியிடம், பிரதேச செயலகத்தில், பிரதேச சபையில் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். 1940இல் வெவெஸ்ஸவில் வாசிக்கத் தெரியாத பலர் சேர்ந்து ஒரு குழுவை அமைத்துத் துரையைப் பதில் சொல்ல வைத்தார்கள். நமக்கு வாசிக்கத் தெரியும்.